பணம் வேண்டாம், தபால் கார்டு போதும்!

பின்லாந்து நாட்டின் தலைநகரம் ஹெல்சின்கி. குளிர் மிகுந்த ஊர். 1991-ம் ஆண்டு ஜனவரியில் அங்கே ஒரு கல்லூரி மாணவர் தவணை முறையில் கம்ப்யூட்டர் வாங்கினார். பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். வயது 21.

கம்ப்யூட்டரை ஆட்டி வைக்க ஒரு தலைமைப் புரோகிராம் வேண்டும். பெரிய நிறுவனங்கள் விற்றதோ யானை விலை! மாணவர்கள் படிப்பதற்காக ஒரு பேராசிரியர் எழுதிய 'மினிக்ஸ்' கைக்கு எட்டியது. ஆனால் லினசுக்கு அது போதவில்லை. தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார்.

முதலில் கேள்வி

எழுதி முடித்துவிட்டுத் தம்பட்டம் அடிப்பதுதான் உலக வழக்கம். லினஸ் அப்படிச் செய்யவில்லை. வேலை அரைகுறையாக இருக்கும்போதே, 1991 ஆகஸ்டு 25-ந் தேதி, மினிக்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கம்ப்யூட்டர் வழியாக ஒரு செய்தி அனுப்பினார். மினிக்சில் உங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று கேட்டார். தாம் செய்வது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக வளராது என்றும் எழுதினார். யோசனை சொல்லலாம், ஆனால் செய்து தருவதாக வாக்குக் கொடுக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

செப்டம்பரில் புரோகிராம் வெளிவந்தது. இலவசம்! அது மட்டுமா? அதன் உள்விவரம் முழுவதையும் கூடவே கொடுத்தார். பலகாரத்தோடு பக்குவத்தையும் எழுதிக் கொடுப்பது போல! யாரும் படிக்கலாம், திருத்தலாம்.

கூடவே ஒரு குறிப்பும் இருந்தது. என்னென்ன இயந்திரம் வேண்டும், எது ஓடும், எது ஓடாது என்று அதில் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருந்தார். இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, வேறு சில புரோகிராம்களும் தேவை என்றும் சொன்னார். பின்லாந்து எழுத்துப் பலகை வேண்டும், அமெரிக்கப் பலகை என்றால் கொஞ்சம் பழக வேண்டும் என்று ஒரு வேடிக்கையும் உண்டு!

லினஸ் அதற்கு 'பிரீக்ஸ்' என்று பெயர் வைக்க நினைத்திருந்தார். அதைப் பிறர் எடுத்துக்கொள்ள இடம் கொடுத்த ஆரி லெம்கே என்பவரோ 'லினக்ஸ்' என்று எழுதி வைத்துவிட்டார். அதுவே நிலைத்தது.

ஜெர்மனியில் ஒருவர்

முதலில் எடுத்துப் பார்த்தவர்கள் வெகு சிலரே. அவர்களில் ஜெர்மனிக்காரர் ஒருவர். அவருடைய கம்ப்யூட்டரில் நினைவகம் 2 மெகாபைட்தான். புரோகிராமைக் கட்டி முடிக்க அது போதவில்லை என்று முறையிட்டார்.

லினசின் கம்ப்யூட்டரில் அந்தக் குறை இல்லை. ஆனாலும் அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து அதற்கு வழி செய்தார். வீட்டில் இடம் போதாவிட்டால் சாமான்களைப் பரணில் ஏற்றுகிறோமே, அதே முறைதான். நினைவகத்தில் அப்போதைக்கு வேண்டாததை வட்டில் இறக்கி வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும். மினிக்சில் இந்த வசதி கிடையாது. அதன்பின் பலர் மினிக்சை விட்டு லினக்சுக்கு வந்தார்கள். யாரோ ஒருவரின் குறையைத் தீர்க்கப் போய், ஊரே திரண்டு வந்தது!

சிலர் பணம் அனுப்பவா என்று கேட்டார்கள். லினசுக்குக் கடன் இருந்தது. ஆனாலும் பணம் வேண்டாம், உங்கள் ஊரிலிருந்து ஒரு தபால் கார்டு போடுங்கள் என்றார். ஜப்பான், நியூசிலாந்து, அமெரிக்கா என்று கார்டுகள் வந்தன. வீட்டில் தபாலை எடுத்து வரும் தங்கைக்கு ஒரே வியப்பு! அண்ணனுக்கு இத்தனை தேசத்தில் சிநேகிதர்களா?

வழிகாட்டிப் புத்தகங்கள்

ஆள் கூடக் கூடக் கேள்வியும் கூடியது. எத்தனை பேருக்குத்தான் ஒருவர் பதில் எழுத முடியும்? 1992-ல் மாட் வெல்ஷ் முதலியோர் சேர்ந்து, லினக்சுக்கு விளக்க நூல்கள் எழுதும் இயக்கம் தொடங்கினார்கள். புதியவர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று வெல்ஷ் ஒரு நூல் எழுதினார். லினசுடன் படித்த லார்ஸ் விர்செனியஸ், நிர்வாகம் செய்பவர்களுக்கு ஒன்று எழுதினார். அச்சடிக்க ஒன்று, ஒலி கேட்க ஒன்று என்று சிறு ஏடுகளும் வந்தன. எல்லாம் இலவசம். இந்த எழுத்தாளர்களை இன்று யார் நினைக்கிறார்கள்? புகழ் எல்லாம் லினசுக்கே போயிற்று.

1994 மார்ச்சில் லினக்சின் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. பெரிதாக வளராது என்று அவர் எழுதிய அந்தப் பொழுதுபோக்கு, இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.