நாய் வளர்க்கப் போகிறீர்களா?

பட்டிக் காவலுக்கு முதன்முதலாக நாய் வளர்க்க விரும்பும் விவசாயிகள், குட்டி வருமுன்பே சில ஏற்பாடுகளைச் செய்துகொள்வது நல்லது. மழைநீர் தேங்காத, நிழலான மேட்டில் இடம் ஒதுக்க வேண்டும். எலி மருந்தையும் பூச்சி மருந்தையும் எட்டாத இடத்தில் பூட்டி வைக்கவும்.

8 வாரம் நிறைந்து, தாய்ப்பால் மறந்த குட்டியே ஏற்றது. சிறு வயதிலிருந்தே ஆடுகளோடு பழக்கி வந்தால் பின்னால் அவற்றைத் துரத்தாது. வந்த வாரமே கால்நடை மருந்தகத்தில் காட்டி, குடற்புழு நீக்க மருந்து கொடுக்கவும். 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு மருத்துவர் குறித்துத் தரும் தேதிகளில் தவறாமல் தொடர வேண்டும்.

வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரானாலும் மாடானாலும் பிழைப்பது அரிது. ஆகவே, 'நம் வீட்டுக் குட்டிதானே' என்று கடியை அலட்சியம் செய்யலாகாது. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் தடவாமல், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.