பூ மாதிரி விரியும் புழு: உப்புநீர்த் தொட்டியில் ஏன் பட்டினி கிடக்கிறது?

பார்க்கப் பூ மாதிரி இருக்கும். விரலின் நிழல் பட்டால் போதும், சட்டென்று குழாய்க்குள் போய்விடும். ரீல்ஸில் பார்த்துவிட்டு ‘நம்ம தொட்டிக்கும் ஒண்ணு வாங்கலாமே’ என்று தோன்றுவது இயல்புதான். கடைகளில் ‘ஃபெதர் டஸ்டர்’ என்று விற்கப்படும் இது செடியல்ல. மண்புழுவுக்குத் தூரத்துச் சொந்தமான கடல் புழு. மணலையும் சளியையும் குழைத்துத் தானே குழாய் கட்டிக் குடியிருக்கும். விரியும் இறகுகளால்தான் சுவாசிக்கிறது, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் பிடித்துச் சாப்பிடுகிறது.

சிக்கலே அந்தச் சாப்பாடுதான். ‘தனியா எதுவும் போட வேண்டாம், தானா வளரும்’ என்பார்கள். நம்பாதீர்கள். புதுத் தொட்டியின் பளிங்குத் தண்ணீரில் அதற்குத் தின்ன எதுவும் இல்லை. உடனே சாகாது, மாதக்கணக்கில் மெலிந்து சாகும். குறைந்தது ஆறு மாதம் ஓடிய தொட்டியில் விடுவதே நல்லது. வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை திரவத் தாவர மிதவை உணவு கொடுக்க வேண்டும். அப்போது அரை மணி நேரம் ஸ்கிம்மரை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் போட்ட உணவை அதுவே வடித்துவிடும். அதிகம் ஊற்றினாலும் ஆபத்து, தண்ணீர் கெடும்.

அடுத்தது வெப்பம். 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் அதற்குச் சுகம். புதுக்கோட்டையின் சித்திரை வெயிலில் சில்லர் இல்லாமல் இது கஷ்டம். மின்விசிறி வைத்துச் சமாளிக்கலாம். ஆனால், நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஒப்படர்த்தி 1.023 முதல் 1.025 வரை இருக்கட்டும்.

இறகுக் கொத்து திடீரென உதிர்ந்தால் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். அது மன உளைச்சல் மாதிரி ஓர் எதிர்வினை. நீர் சரியானால் சில வாரங்களில் மறுபடி முளைக்கும். மீனுக்குத் தாமிர மருந்து ஊற்றினால் மட்டும் பிழைக்காது. வண்ணத்துப்பூச்சி மீனோடும் சேர்க்கக் கூடாது, கடித்துத் தின்றுவிடும்.

‘கடல்தான் பக்கத்துல இருக்கே, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்துல எடுத்துக்கலாமே’ என்றால்? படகுத்துறைத் தண்ணீரில் டீசல் கலந்திருக்கும்; வடகிழக்குப் பருவமழையில் உப்பளவும் இறங்கும். உப்புக்கலவை வாங்கிக் கரைப்பதே பத்திரம். உயிர்களை அள்ளி வருவது அதைவிடப் பெரிய வில்லங்கம். தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கி.மீ. பரப்பு 2022 செப்டம்பரில் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இதன் உறவினரான ‘கிறிஸ்துமஸ் மரப் புழு’ உயிருள்ள பவளத்தில்தான் குடியிருக்கும். அந்தப் பவளமோ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பவளத்தோடு யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.