‘எக்ஸ்பிளைன் பண்ணியாச்சு’

திண்டிவனம், செஞ்சி, மரக்காணம் பக்கம் யாருக்காவது உடம்பு ரொம்ப முடியாமல் போனால், “முண்டியம்பாக்கத்துக்குக் கொண்டு போயிடுங்க” என்பார்கள். விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் அங்கே தொடங்கியதிலிருந்து ஊரின் பெயரே ஆஸ்பத்திரியின் பெயராகிவிட்டது.

அங்கே மட்டுமல்ல, தமிழ்நாட்டின் பெரிய ஆஸ்பத்திரிகள் எதிலும் கேஸ் ஷீட்டைப் புரட்டினால் அடிக்கடி கண்ணில் படும் ஆங்கில வினை ‘எக்ஸ்பிளைன்’. நோயின் நிலை, நோயாளியோடு கூட இருக்கும் அட்டெண்டருக்கு எக்ஸ்பிளைன் செய்யப்பட்டது என்று ஒரு வரி, அதன் கீழே கையெழுத்து அல்லது கைநாட்டு. சொன்னவர் சொல்லி முடித்தார் என்பதற்கு அது சாட்சி. கேட்டவருக்கு என்ன புரிந்தது என்பதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

காசநோயை எடுத்துக்கொள்வோம். மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரண காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை. சில வாரங்களிலேயே இருமல் அடங்கி, பசி திரும்பி, உடம்பு தேறும். கரும்பு வெட்டுக்கோ கட்டட வேலைக்கோ போகிறவர் “சரியாப் போச்சு” என்று மாத்திரையை நிறுத்திவிட்டால், சாகாமல் மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறக்கூடும். இன்னொன்றும் உண்டு. ரிஃபாம்பிசின் மாத்திரை சாப்பிட்டால் மூத்திரம் செம்மஞ்சளாகப் போகும். அதனால் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் முன்கூட்டியே சொல்லாவிட்டால், ரத்தம்தான் போகிறது என்று பயந்து மாத்திரையைத் தூக்கிப் போடுவதில் என்ன வியப்பு? அரை நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம், ஆறு மாத வைத்தியத்தையே தாங்கி நிற்கிறது.

நோயாளிக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்பதைச் சட்டமும் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்கு மட்டும் ஒப்புக்கொண்ட ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கி அந்தப் பெண்ணின் கர்ப்பப்பையை அகற்றிவிட்டார்கள். அந்த வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது. என்ன சிகிச்சை, எதற்காக, ஆபத்து என்ன, வேறு வழி உண்டா, வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பதையெல்லாம் அறிந்து தருவதே சம்மதம்.

2019 முதல் எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் நோயாளியோடு பேசும் முறையும் பாடமாகியிருக்கிறது. தொடக்க வகுப்புகளில் உள்ளூர் மொழியும் சொல்லித் தருகிறார்கள். அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு என்பதால், தமிழ் தெரியாத மாணவர்களும் வார்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு இது மிகவும் அவசியம். ஆனால் தமிழே தாய்மொழியான டாக்டரும் ‘கிரியேட்டினின் ஏறியிருக்கு’ என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவதைப் பார்க்கிறோம். கூட்டம் அப்படி, அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

சொன்னது புரிந்ததா என்று அறிய மருத்துவ உலகில் ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, “வீட்டுக்குப் போனதும் உங்க மக கேட்டா, இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடணும்னு சொல்வீங்கம்மா?” என்று கேட்க வேண்டும். அந்த அம்மா தன் வார்த்தையில் சொல்லும்போது எது விட்டுப்போயிற்று என்று உடனே தெரிந்துவிடும். கேஸ் ஷீட்டில் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி காலியாக விட்டு, நோயாளி திருப்பிச் சொன்னதை அவர் சொன்னபடியே தமிழில் எழுதி வைக்கலாம். அதற்கு மேலிடத்து உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வார்டில் இருக்கும் பயிற்சி டாக்டரே தொடங்கிவிடலாம்.