வெந்நீரே குளிர்விக்கும்

பெரம்பலூரும் அரியலூரும் முன்பு சேர்ந்திருந்த திருச்சி மாவட்டத்தில், துவாக்குடி என்.ஐ.டி. வளாகத்தில், 2022 மே 25 அன்று ‘பரம் பொருள்’ என்ற மீத்திறன் கணினி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் போடும் திறன் கொண்டது. அந்த வேகத்தைவிட, அது சூட்டைத் தணித்துக்கொள்ளும் விதம்தான் வறண்ட நம் மாவட்டங்கள் கவனிக்க வேண்டியது.

சர்வர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளிவரும். வழக்கமான தரவு மையங்களில் அந்த வெப்பத்தை அறையெங்கும் பரவவிட்டு, பிறகு அறையையே ஏ.சி. போட்டுக் குளிர்விக்கிறார்கள். உலகச் சராசரிப்படி, கணினிக்கு 1 யூனிட் செலவானால் குளிர்விப்பு முதலிய துணை வேலைகளுக்கு அரை யூனிட்டுக்கு மேல் போகிறது.

தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்வித்தால் மின்சாரம் மிச்சமாகும். ஆனால் 1 யூனிட் வெப்பத்தைப் போக்க சுமார் 1.5 லிட்டர் ஆவியாக வேண்டும். 1 மெகாவாட் மையம் முழுக்க இதையே நம்பினால், நாளொன்றுக்கு 36,000 லிட்டர். மூன்று டேங்கர் லாரித் தண்ணீர்! மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மண்ணுக்கு இது கட்டுப்படியாகாது.

பரம் பொருளில் வெப்பத்தைப் பிறக்கும் இடத்திலேயே திரவத்தைக் கொண்டு பிடிக்கிறார்கள். இந்த முறையில், புராசசர் மேல் ஒட்டிய உலோகத் தகட்டுக்குள் திரவம் ஓடும். ஒரே கன அளவில், காற்றைவிடத் தண்ணீர் 3,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சுமக்கும். மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவதால் வற்றாது. அது சில்லென்று இருக்கவும் தேவையில்லை. 45 டிகிரி வெந்நீரே போதும் என்பதை 2012-இல் ஜெர்மனியின் ‘சூப்பர்மக்’ கணினி காட்டியது. அப்படியானால் 40 டிகிரி கத்திரி வெயிலிலும், வெளிக்காற்றை விசிறியால் ஊதியே அந்நீரை ஆற்றிவிடலாம். தொடக்கச் செலவு கூடுதல்தான். மற்ற பாகங்கள் விடும் மீதிச் சூட்டுக்குக் காற்றுக் குளிர்ச்சியும் வேண்டும்.

வெளியேறும் வெப்பமும் வீணல்ல. பாரிஸ் அருகே ஒரு தரவு மையத்தின் வெப்பம் 2024 ஒலிம்பிக் நீச்சல்குளத்துக்குப் போனது. மழைக்குப் பயந்து சாலையோரம் மக்காச்சோளம் காயவைக்கும் பெரம்பலூர் விவசாயிக்குத் தேவை சூடான காற்று. நாளை இங்கே தரவு மையம் அமைக்க வருபவரிடம் மின்சாரக் கணக்கோடு தண்ணீர்க் கணக்கையும் கேட்போம். தானிய உலர்த்திக்கும் இடம் ஒதுக்கச் சொல்வோம்.