கை ஓங்கும் வயது

விடுதிப் பையன் ஒருவன் அடுத்தவன் சட்டையைப் பிடித்தால், "கொழுப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஜவ்வாது மலையிலும் கலசப்பாக்கம், போளூர் பக்க அடிவாரத்திலும் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் இல்லங்களிலும் வளரும் பையன்கள் பலருக்கு அந்தச் சொல் பொருந்தாது. பிழைப்புக்காகப் பெற்றோர் மாதக்கணக்கில் வெளியூர் போவது இங்கே வழக்கம். போனவர்கள் திரும்பாததும் உண்டு: 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழ்த் தொழிலாளர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். இப்படிப் பெற்றோரைப் பிரிந்து வளரும் பையனின் துக்கமும் பயமும் இந்த வயதில் பல நேரம் கோபமாகத்தான் வெளியே வரும்.

"வேணும்னேதான் இடிச்சான்"

சாப்பாட்டு வரிசையில் பின்னால் நிற்பவன் இடித்துவிடுகிறான். தட்டிலிருந்து சாம்பார் சிந்துகிறது. அடிபட்டே வளர்ந்த பையன் அதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்வது அபூர்வம். சீண்டத்தான் இடித்தான் என்று முடிவுகட்டி, யோசிப்பதற்குள் கையை நீட்டிவிடுகிறான். முரட்டுப் பிள்ளைகளிடம் இந்தச் சந்தேகப் புத்தி மிகுந்திருப்பதை அமெரிக்க உளவியலாளர் கென்னத் டாட்ஜ் 1980-லேயே ஆராய்ந்து காட்டினார்.

குழு சிகிச்சை கைவைப்பது இந்த இடத்தில்தான். ஆறேழு பையன்கள், ஓர் ஆற்றுப்படுத்துநர், வாரந்தோறும் அதே நேரம். சாம்பார் சண்டையையே நடித்துப் பார்ப்பார்கள், இடித்தவன் இடிபட்டவனாக. "கை ஓங்குறதுக்கு முன்னாடி உடம்புல எங்கடா தெரிஞ்சுது?" என்று கேட்டால், ஒருவன் காது சூடாச்சு என்பான், இன்னொருவன் பல்லைக் கடிச்சேன் என்பான். அந்த அறிகுறி பிடிபட்டால், விலகிப் போக இரண்டு நொடி கிடைக்கும். ஆர்னால்ட் கோல்ட்ஸ்டீனும் பாரி கிளிக்கும் 1987-ல் வெளியிட்ட 10 வாரப் பயிற்சியில், கோபத்தை அடக்குவதோடு மற்றவர்களிடம் பழகும் விதமும் நியாய அநியாயம் பேசுவதும் சேர்ந்திருந்தன. வார்டன் சொல்லிக் கேட்காததைக் கூட்டாளி சொன்னால் கேட்கிற வயது அல்லவா!

கூட்டாளியால் கெடுவதும் உண்டு

முரட்டுப் பையன்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்ததில் சிலரின் நடத்தை இன்னும் மோசமானதை, தாமஸ் டிஷியனும் சக ஆய்வாளர்களும் 1999-ல் எடுத்துக்காட்டினார்கள். சண்டைக் கதைக்குச் சிரிப்பும் கைதட்டலும் கிடைத்தால் பையன் அதையே பழகுவான். அதனால் சாதுவான பையன்களும் கலந்திருக்க வேண்டும். நடத்துகிறவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யாரோ வந்து அறிவுரை சொல்லிப் போவதெல்லாம் குழு சிகிச்சை ஆகாது.

பிரம்பு இருக்கும் இல்லத்தில்

2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் இறந்தான். அடித்ததாக ஊழியர்கள் கைதானார்கள். அதன்பிறகு, இத்தகைய இல்லங்களைப் பற்றி ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. இல்லங்களில் பிள்ளைகளை அடிப்பது 2015-ன் இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். வாரம் ஒரு மணி நேரம் "கை நீட்டாதே" என்று பழக்கிவிட்டு மற்ற நாளெல்லாம் பிரம்பெடுத்தால், பையன் பிரம்பைத்தான் நம்புவான். என்னைக் கேட்டால், பயிற்சியை ஊழியர்களிடமிருந்தே தொடங்கலாம்.

தூக்கம் கெட்டிருந்தாலோ, தன்னைத்தானே கீறிக்கொண்டாலோ, போதைப் பழக்கம் இருந்தாலோ, குழுவில் சேர்க்குமுன் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். பிள்ளையை யாராவது அடிப்பதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள்.