யன்னல் திரைகளை மாற்றும் முன்: யாரிடம், எந்த வரிசையில் கேட்பது?

ஜூன் இறுதியில் ஒஸ்லோவில் இரவு 10.30 மணிக்கும் சூரியன் மறைவதில்லை. எனவே படுக்கையறைக்குத் தடித்த திரையோ, யன்னலுக்கு வெளியே மார்கிசே எனப்படும் வெயில்மறைப்போ பலருக்கும் தேவைப்படுகின்றது. அவற்றைப் பொருத்துமுன் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

முதலில் அனுமதி

வீட்டினுள்ளே தொங்கும் திரை உங்களுடையது. கட்டடத்தின் வெளிமுகமோ அனைவருக்கும் பொதுவானது. ஸ்டொவ்னர், ஃபுருசெத் போன்ற இடங்களின் அடுக்குமாடிகளில் வெளி மறைப்பைப் பொருத்துமுன் போரெட்ஸ்லாக் அல்லது சாமெயேயின் நிர்வாக சபையிடம் எழுத்துமூலம் கேளுங்கள். நிறமும் வகையும் முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்கலாம். வாடகைக்கு இருப்போர் முதலில் வீட்டு உரிமையாளரிடம் கேட்க வேண்டும். கட்டடத்தின் தோற்றத்தை மாற்றும் வேலைகளுக்கு மாநகரசபையின் திட்டமிடல், கட்டடத் திணைக்களத்திடம் விண்ணப்பிக்க நேரலாம். பழைய கட்டடமாயின், பேணத்தக்க கட்டடங்களின் ‘மஞ்சள் பட்டியலில்’ அது உள்ளதா எனவும் பாருங்கள்.

பணியாளருடன் பேசும்போது

யன்னல்கள் விரைவில் மாற்றப்படவிருந்தால், அவ்வேலை முடிந்தபின்னரே திரைக்கு அளவெடுக்கச் செய்யுங்கள். புதிய சட்டத்தின் ஆழம் வேறுபடலாம். சட்டத்தில் துளையிடலாமா, சுவரிலேயே பொருத்த வேண்டுமா என்பதை யன்னல் பொருத்துநரிடம் கேளுங்கள். தவறான துளையால் ஈரம் உட்புகக்கூடும். மின்விசையால் இயங்கும் மறைப்புக்கு நிலையான மின்னிணைப்பு வேண்டுமாயின், அதனைப் பதிவுபெற்ற மின் நிறுவனமே செய்ய வேண்டும்.

பாதுகாப்பு

யன்னலின் கீழுள்ள மின்சூடாக்கியைத் திரை மூடலாகாது, தீப்பற்றும் அபாயமுண்டு. சட்டத்தின் மேலுள்ள காற்றுத்துளையையும் அடைக்காதீர்கள். தொங்கும் கயிறும் மணிச்சங்கிலியும் சிறுபிள்ளைகளின் கழுத்தை இறுக்கி உயிரைப் பறிக்கக்கூடும். இது குறித்த ஐரோப்பிய நியமம் 2014 இல் கடுமையாக்கப்பட்டது. பழைய திரை வைத்திருப்போர் கயிற்றைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் கட்டி வைக்க வேண்டும். கட்டிலையும் யன்னலருகே இடலாகாது. இயன்றால் கயிறற்ற திரையையே தெரிவுசெய்யுங்கள்.

விலை

வேலை தொடங்குமுன் விலையை எழுத்தில் பெறுங்கள். நுகர்வோருக்கான கைவினைப் பணிகள் பற்றிய 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேறு எல்லை வெளிப்படையாக உடன்படப்படாதவிடத்து, இறுதித் தொகை கொடுக்கப்பட்ட விலை மதிப்பீட்டை 15 வீதத்துக்கு மேல் விஞ்சலாகாது. வேலையின் நடுவே மேலதிகமாக எதையேனும் கேட்டால், அதன் விலையையும் அப்போதே எழுதி வாங்குங்கள். அனுமதிக் கடிதம், விலை மதிப்பீடு, பற்றுச்சீட்டு ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பேணி வையுங்கள். பின்னர் குறை தோன்றினால் அவையே உங்கள் சான்று.