பொறிக்கு மூச்சளித்தல்

உயர்ந்த மலைமீது ஏறுவோர்க்கு மூச்சு முட்டுதல் இயல்பு. மேலே செல்லச் செல்லக் காற்றின் செறிவு குறைதலே அதற்குக் காரணம். மலைப்பாதையில் ஏறும் ஜீப் முதலிய ஊர்திகளும் அவ்வாறே இளைப்புறுகின்றன. அவற்றின் எஞ்சினும் காற்றை உட்கொண்டே உழைக்கின்றது. ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிதற்கு எடையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். 14,000 அடி உயரத்திலோ, கடல் மட்டத்துக் காற்றின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே உள்ளது. காற்றுக் குறையவே, எரிக்கத்தக்க பெட்ரோலும் குறைகின்றது, ஆற்றலும் குறைகின்றது.

இக்குறையை நீக்கும் வழி யாது? காற்றை அழுத்திச் செறிவாக்கி எஞ்சினுக்குள் செலுத்துதலே ஆகும். அதனைச் செய்யும் கருவிகள் இருவகைப்படும். ஒன்று சூப்பர்சார்ஜர், அது வார்ப்பட்டையாலேனும் பற்சக்கரங்களாலேனும் எஞ்சினின் தண்டோடு இணைக்கப்பட்டுச் சுழல்வது. மற்றொன்று டர்போசார்ஜர், அது புகைக்குழாய் வழியே வீணாய்ப் போகும் வெம்புகையின் விசையால் சுழல்வது. முன்னது எஞ்சினின் ஆற்றலில் ஒரு பகுதியைத் தானே கொள்ளும். ஆயினும், உடனே பயன் தரும். ஆதலின், பாறைகளினூடே மெல்ல ஊர்ந்து செல்லும் ஊர்திக்கு அது ஏற்றது. பின்னது சிக்கனமுடையது, ஆயினும், புகையின் விசை மிகும்வரை சிறிது தாழ்க்கும்.

டர்போசார்ஜருக்கு மூலமான கருத்துக்குரிய காப்புரிமையை ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பொறியியலறிஞர் ஆல்பிரட் பூகி 1905ஆம் ஆண்டில் பெற்றார். 1918ஆம் ஆண்டில் சான்போர்டு மாஸ் என்னும் அமெரிக்க அறிஞர், விமானத்துக்குரிய லிபர்ட்டி எஞ்சின் ஒன்றை ஏறத்தாழ 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தின்மீது கொண்டு சென்று ஆராய்ந்தார். கடல் மட்டத்தில் 350 குதிரைத்திறன் உடைய அவ்வெஞ்சின், இக்கருவியின் துணையால் சிகரத்தின்மீதும் 356 குதிரைத்திறன் தந்தது.

எனினும், ஆற்றல் பெருகுமிடத்து இடரும் பெருகும். அழுத்தப்பட்ட காற்றுச் சூடேறும். அதனோடு கலந்த பெட்ரோல் தானே தீப்பற்றி வெடித்துப் பிஸ்டனைச் சிதைத்தலும் உண்டு. அதனால், அக்காற்றைக் குளிர்விக்கும் கருவியையும் இடையே பொருத்துவர். டர்போசார்ஜரின் சக்கரம் நிமிடத்திற்கு 1,00,000 முறைக்கு மேலும் சுழல வல்லது. அவ்வேகத்தில் நுண்மணலும் அதன் இதழ்களைத் தேய்த்துவிடும். ஆதலின், புழுதிவழிச் செல்வோர் காற்று வடிகட்டியைத் தூயதாக வைத்தல் வேண்டும். கடும் ஏற்றம் ஏறியபின் எஞ்சினை உடனே நிறுத்தாது, சிறிதுநேரம் மெல்ல ஓடவிடுதல் நன்று. மசகெண்ணெயின் ஓட்டம் திடீரென நின்றால், வெம்மை மிக்க தாங்கிகளில் அவ்வெண்ணெய் கருகிப் படியும்.

எல்லா எஞ்சின்களும் இச்சுமையைத் தாங்கா. விரைவை விரும்பி அளவின்றி அழுத்தம் ஏற்றியவன், ஊரும் உதவியும் இல்லாத மலைவழியில் ஊர்தி பழுதுற்றுத் தனித்து நிற்க நேரும். எஞ்சினின் வலிமையை முன்னர் அறிந்து, அதற்கேற்ற அளவே காற்றூட்டுதல் அறிவுடைமையாகும்.